குதிரை முட்டை நிஜமாகவே இருக்கு!

பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் ஞாபகம் இருக்கிறதா? குதிரை வாங்கக் காசு போதாமல், குதிரை முட்டை வாங்கி அடைகாக்கலாம் என்று கிளம்பி, பூசணிக்காயைத் தலையில் கட்டிவிட்டான் ஒருத்தன். வழியில் அது விழுந்து உடைய, புதரிலிருந்து ஒரு முயல் ஓட, 'ஐயோ, குதிரைக்குட்டி போகுதே!' என்று ஆளுக்கொரு பக்கம் துரத்தினார்கள். வீரமாமுனிவர் எழுதிய அந்தக் கதையிலிருந்து இன்றுவரை தமிழில் குதிரை முட்டை என்றால் இல்லாத ஒன்று என்றுதான் அர்த்தம்.

குரு இன்றைக்கு இருந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம். சுவாமி, குதிரை முட்டை நிஜமாகவே இருக்கிறது. விற்கிறார்கள், வாங்குகிறார்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் கூரியரில்கூட அனுப்புகிறார்கள். ஒரே வித்தியாசம், பூசணிக்காய் சைஸ் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தலையில் சுமக்க முடியாது. தும்மினால் காணாமல் போய்விடும்!

இதெல்லாம் உனக்கெதுக்குடா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

ஒரகடம் குதிரைகள்

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், ஒரு உதிரிபாகக் கம்பெனியில். இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். அதாவது வெளியிலிருந்து வருகிற சாமான்களைச் சோதித்து 'ஓகே' ஸ்டிக்கரோ 'ரிஜெக்ட்' ஸ்டிக்கரோ ஒட்டுகிற உத்தியோகம். (சப்ளையர்கள் என்னை எப்படித் திட்டுவார்கள் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.)

எங்கள் ஏரியாவில் குதிரைக்குப் பஞ்சமே கிடையாது. ஒரகடத்தில் தயாராகும் 350 சிசி என்ஃபீல்டு வண்டி ஒன்றுக்கு இருபது குதிரை. இருங்காட்டுக்கோட்டையில் உருளுகிற ஒரு சின்னக் காருக்கு எண்பது சொச்சம். ஒரகடத்து கனரக லாரிக்கு இருநூறு, முந்நூறு. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் டிராஃபிக்கில் நின்று எண்ணினால், சோழர் படையில்கூட இத்தனை குதிரை இருந்திருக்காது. எல்லாம் ஃபர்ஸ்ட் கியரில் நிற்கும், அது வேற விஷயம்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த என் அத்தை பையனிடம் இந்தப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சிரித்தார்.

"மாப்ளே, உங்க பெல்ட்ல ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் குதிரைசக்தி வேணும்னாலும் பண்ணுங்க. நாலு கால், ஒரு வால் வெச்ச நிஜக் குதிரை ஒண்ணே ஒண்ணு பண்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன கஷ்டம் அத்தான்? பதினோரு மாசம். ஆட்டோமேட்டிக் லைன்!"

"லைன் ஆட்டோமேட்டிக்தான். ரா மெட்டீரியல் சரியில்லேன்னா?"

ரா மெட்டீரியல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நம்ம டிபார்ட்மென்ட் ஆச்சே!

பிறக்கும் முன்பே போட்ட ஸ்டாக்

அவர் அன்று சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆண் குதிரை தினமும் புதுசு புதுசாக விந்தணுக்களைத் தயாரிக்கிறது. பெண் குதிரைக்கு அந்த வசதி இல்லை. அது தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, வாழ்நாளுக்கு வேண்டிய முட்டைகள் எல்லாம் சினைப்பையில் உருவாகி ஸ்டோர்ஸில் அடுக்கப்பட்டுவிடுகின்றன. அப்புறம் புதுச் சரக்கு இறங்காது. இருக்கிற ஸ்டாக்கிலிருந்து, சுமார் இருபத்தோரு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் மட்டும், பொதுவாக ஒரே ஒரு முட்டை வெளியே வரும்.

ஆக, இருபது வயசுக் குதிரையிடமிருந்து வரும் முட்டையின் வயசும் இருபது!

வயசானால் என்ன ஆகும்? எங்கள் ஸ்டோர்ஸில் ரப்பர் ஓ-ரிங் வருகிறது. கைபடாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் அதற்கு ஷெல்ஃப் லைஃப் உண்டு. தேதி தாண்டினால் இறுக்கம் போய்விடும். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், மாட்டினால் லீக். முட்டைக்குள்ளும் அதே கதைதான். குதிரைக்கு 64 குரோமோசோம்கள். முட்டை முதிரும்போது சரிபாதி 32 மட்டும் உள்ளே இருக்க வேண்டும். ஜோடிகளை இத்தனை வருஷமும் சேர்த்துப் பிடித்திருப்பது வளையம் போன்ற ஒரு புரதம். பெயர் கோஹெசின். அந்த வளையம் வயசாகித் தளர்ந்தால், பிரிகிற நேரத்தில் கணக்கு தப்பும். 31 ஆகும், அல்லது 33 ஆகும். ஒரு நட்டு கூட, ஒரு நட்டு குறைச்சல். கரு சில நாள் வளரும், அப்புறம் நின்றுவிடும்.

இன்னொன்று பேட்டரி. முட்டைக்குள் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாக்கள் லட்சக்கணக்கில் உண்டு. கருவான பிறகு முதல் சில நாள் வேலை முழுவதும் அம்மா முட்டையில் வைத்தனுப்பிய இந்த பேட்டரியில்தான் ஓடுகிறது. பழைய முட்டையில் சார்ஜ் நிற்பதில்லை.

குற்றவாளி யார்?

வயசான குதிரை சினையாகவில்லை என்றால் ரொம்ப காலமாக எல்லோரும் கருப்பையைத்தான் சந்தேகப்பட்டார்கள். 'பழைய வீடு, சுவர் ஒழுகுது' என்கிற மாதிரி. கருப்பையைக் கழுவினார்கள், மருந்து போட்டார்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்னவேல், ஜிந்தர் என்ற இருவர் 1995ல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த வழக்கை ஒரே அடியில் தீர்த்தது. சோதனை எளிமையானது. இளம் குதிரைகளிடமிருந்து முட்டை எடுத்தார்கள். இருபது வயசு தாண்டிய கிழக் குதிரைகளிடமிருந்தும் எடுத்தார்கள். இரண்டு வகை முட்டைகளையும் இளம் குதிரைகளின் கருக்குழாயில் வைத்தார்கள். அதாவது வீடு புதுசு, சூழல் ஒன்று, முட்டை மட்டும் வேறு.

ரிசல்ட்? இளம் முட்டைகள் 12ல் 11 கருவாக வளர்ந்தன. முதிய முட்டைகள் 26ல் 8 மட்டும்!

வீட்டின்மேல் மட்டும் பழி போட்டது அநியாயம் என்று தெரிந்துபோனது. முதல் சந்தேகம் போகவேண்டிய இடம் முட்டை.

எங்கள் டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், லைனில் ஓட்டை இல்லை சார், உள்ளே வந்த பாகம்தான் டிஃபெக்ட். அதைவிட மோசமான செய்தி, இந்தப் பாகத்துக்கு ரீவொர்க் கிடையாது. வெல்டிங் வைக்க முடியாது, பாலிஷ் போட முடியாது. இன்றுவரை உலகத்தில் எந்த லேபிலும் கெட்ட முட்டையை நல்ல முட்டையாக்கும் மெஷின் வரவில்லை.

கேட் பாஸ் இல்லாத முட்டை

குதிரை உடம்பு கொஞ்சம் விசித்திரமான ஃபாக்டரி.

மாடு, மனுஷி எல்லோருக்கும் சினைப்பையின் மேல்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் முட்டை வெடித்து வரலாம். குதிரைக்கு சினைப்பை உள்வெளியாகத் திருப்பிப்போட்ட சட்டை மாதிரி. முட்டைகள் உள்ளே, வெளியே கெட்டியான போர்வை. வெளியேற ஒரே ஒரு பள்ளம்தான் கேட். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கேட்!

அதைவிட வேடிக்கை கருக்குழாயில் இருக்கிறது. முட்டை அங்கே வந்து விந்தணுவைச் சந்திக்கிறது. சேர்ந்து கருவானால் ஐந்தாறு நாளில் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதை மோப்பம் பிடித்துத்தான் குழாய் வழிவிட்டுக் கருப்பைக்குள் அனுப்பும். கருவாகாத முட்டைக்கு? அனுமதி இல்லை. அங்கேயே கிடந்து கரைய வேண்டியதுதான். 'வேலை முடிச்சியா? கேட் பாஸ் காட்டு' என்று நிற்கிற எங்கள் செக்யூரிட்டி அண்ணனைவிடக் கண்டிப்பு.

உள்ளே வந்த கருவும் சும்மா உட்காராது. பதினாறாம் நாள்வரை கருப்பை முழுக்க அங்குமிங்கும் உருண்டு போய், 'நான் வந்திருக்கேன், நான் வந்திருக்கேன்' என்று மூலைக்கு மூலை ஆஜர் சொல்லும். சொல்லாவிட்டால் உடம்பு 'யாரும் வரலை' என்று முடிவு கட்டி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அட்டெண்டன்ஸ் போடாத கேஷுவல் லேபர் கதிதான்.

சினை ஊசியிலிருந்து வாடகைத் தாய் வரை

நம் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது எல்லோருக்கும் தெரியும். நைட்ரஜன் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு வருவாரே, அவர்தான். குதிரைக்கும் அது உண்டு. அதற்கு அடுத்த படிதான் கரு மாற்றம்.

நல்ல ஜாதிக் குதிரையைச் சினையாக்கி, ஏழெட்டு நாளில் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் திரவம் விட்டு அலசி எடுத்து, வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் தேடினால் கரு கிடைக்கும். கிடைத்தால்! அதை அதே சமயத்தில் பருவத்துக்கு வந்த வேறொரு சாதாரணக் குதிரையின் கருப்பையில் வைத்துவிட வேண்டும். பதினோரு மாதம் சுமப்பது வாடகைத் தாய். ஜாதிக் குதிரை அடுத்த மாதமே இன்னொரு கரு தரலாம். ஜப்பானிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் 1970களிலேயே இப்படிக் குட்டிகள் பிறந்துவிட்டன.

பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டால் ஒரே தடவையில் பல முட்டைகள் இறங்கும். குதிரை அதற்கு அவ்வளவாக மசியாது. பெரும்பாலும் ஒரு அலசலுக்கு ஒரு கரு, இல்லாவிட்டால் பூஜ்யம்.

நம் நாட்டில்? ஹரியானா மாநிலம் ஹிசாரில் 1985ல் தொடங்கப்பட்ட தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு ராஜஸ்தான் பிகானேரில் ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே மார்வாரி இனக் குதிரையின் கருவை ஏழரை நாளில் எடுத்து வாடகைத் தாய்க்கு மாற்றினார்கள். 2023 மே 19ம் தேதி 23 கிலோ எடையில் ஒரு பெண் குட்டி பிறந்தது. பெயர் ராஜ்-பிரதமா. பிரதமா என்றால் முதலாவது.

"ஒரு குட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா அத்தான்?" என்றேன்.

"மாப்ளே, 2012 கணக்கெடுப்புல நாட்டிலே குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல. 2019ல எவ்வளவு தெரியுமா? மூணு லட்சத்து நாப்பதாயிரம். ஏழே வருஷத்துல கிட்டத்தட்ட பாதி. அதுல மார்வாரி, காத்தியவாரி, ஸ்பிட்டி, மணிப்பூரின்னு நம்ம நாட்டு இனம் ஒவ்வொண்ணும் எவ்வளவு மிஞ்சும்? நல்ல பெண் குதிரை ஒண்ணு செத்தா, அதோட சேர்ந்து அதுக்குள்ள இருக்கிற அத்தனை முட்டையும் மண்ணுக்குப் போகுது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கருவையே காணோமே!

வயசான குதிரைகளிடம் அலசினால் பல தடவை கருவே கிடைக்காது. சிலதுக்குக் கருக்குழாய் அடைப்பு, சிலதுக்குக் கருப்பைக் கோளாறு. ஆனால் அதற்கு வயசு ஆகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. குதிரை எப்போது புகழ் பெறும்? போலோவிலோ தாண்டும் போட்டியிலோ பத்துப் பன்னிரண்டு வயசுவரை ஓடி ஜெயித்த பிறகு. 'ஆஹா, இதன் வம்சம் வேண்டும்' என்று முதலாளி நினைக்கும்போது அதற்குப் பதினைந்து. முட்டைத் தரம் இறங்க ஆரம்பிக்கிற வயசு!

அதனால் இப்போது வெளிநாடுகளில் கருவுக்குக் காத்திராமல் நேரே முட்டைக்கே போகிறார்கள். குதிரைக்கு மயக்கம் கலந்த அமைதி ஊசி. டாக்டர் ஒரு கையால் சினைப்பையைப் பிடித்துக்கொள்ள, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி நீண்ட ஊசியால் ஒவ்வொரு முட்டைப் பையாகக் குத்தி உறிஞ்ச வேண்டும். குதிரை முட்டை லேசில் கழன்று வராது. சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பையை எட்டுப் பத்து தடவை அலசினால்தான் உதிரும். பக்கத்தில் வசதி இல்லாவிட்டால், எடுத்த முட்டையைச் சாதாரண ஏ.ஸி. ரூம் சூட்டிலேயே பெட்டியில் வைத்து ராத்திரி கூரியரில் வேறு ஊர் லேபுக்கு அனுப்புகிறார்கள். முதலில் சொன்னேனே, அந்தக் குதிரை முட்டை பார்சல்!

லேபில் முட்டையை ஒரு நாளுக்குமேல் முதிர வைத்து, மிகமிக மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு விந்தணுவை உள்ளே செலுத்துகிறார்கள். இக்ஸி என்று நம்மூர் மகப்பேறு ஆஸ்பத்திரி போர்டில் பார்த்திருப்பீர்களே, அதேதான். குதிரையில் இந்த முறையில் முதல் குட்டி பிறந்தது 1996ல், அமெரிக்காவின் கொலராடோவில்.

டிஷ்ஷில் முட்டையையும் விந்தணுக்களையும் சேர்த்துவிட்டுத் 'தானே நடக்கட்டும்' என்று விடுகிற சாதா டெஸ்ட் டியூப் முறை என்ன ஆயிற்று? மனிதனுக்கு 1978லேயே வந்துவிட்டது. குதிரைக்கு பிரான்ஸில் 1990 வாக்கில் இரண்டு குட்டிகள். அதோடு சரி. முப்பது வருஷம் யார் செய்தும் திரும்ப வரவில்லை. தடுத்தது முட்டை இல்லை, விந்தணு! டிஷ்ஷுக்கு வந்ததும் முட்டைக்குள் நுழையவே தெரியாமல் நின்றது. 2022ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, விந்தணுக்களைத் தனித் திரவத்தில் 22 மணி நேரம் ஊற வைத்துப் பக்குவப்படுத்திப் பிறகு சேர்த்தார்கள். மூன்று ஆரோக்கியமான குட்டிகள். நாம் மூன்று மணி நேரம் அரிசி ஊறப்போட மறந்தாலே இட்லி போச்சு. அவர்கள் முப்பது வருஷம் கழித்து ஊறும் நேரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு என்ன தெரியுமா? ஊசி போட்ட முட்டைகளில் மாற்றும் அளவுக்குக் கருவாக வளர்வது நான்கைந்தில் ஒன்று என்றாலே லேப்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். எங்கள் கம்பெனியில் இந்த ரிஜெக்‌ஷன் ரேட் வந்தால் என் சீட்டு அன்றே கிழியும்!

ஜெராக்ஸுக்கும் முட்டை வேண்டும்

'முட்டையே வேண்டாம், குளோனிங் பண்ணிடலாமே' என்று புத்திசாலி வாசகர் கேட்பார்.

பண்ணினார்கள். உலகின் முதல் குளோன் குதிரை பிரொமிதியா 2003 மே மாதம் இத்தாலியில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், எந்தக் குதிரையின் செல்லிலிருந்து பிரதி எடுத்தார்களோ அதே குதிரைதான் அதைச் சுமந்தது. தன்னையே தான் பெற்ற தாய்!

அர்ஜென்டினாவின் போலோ சூப்பர் ஸ்டார் அடால்ஃபோ கம்பியாசோ இன்னும் ஒரு படி மேலே போனார். குவார்ட்டெட்டெரா என்ற தன் பிரியமான குதிரைக்குக் குளோன்கள் எடுத்து, 2016 இறுதி ஆட்டத்தில் ஒரே குதிரையின் ஆறு பிரதிகள்மேல் மாறி மாறி ஏறி ஆடிக் கோப்பையையும் தூக்கினார். ரஜினி டபுள் ஆக்டிங் எல்லாம் கிட்ட நிற்க முடியாது.

ஆனால் குளோனுக்கும் ஒரு முட்டை வேண்டும். யாரோ ஒரு குதிரையின் முட்டையை எடுத்து, அதன் குரோமோசோம்களை நீக்கிவிட்டு, பிரதியெடுக்க வேண்டிய செல்லை உள்ளே வைக்கிறார்கள். அந்த முட்டை மட்டமாக இருந்தால் ஜெராக்ஸும் மங்கல்தான். சுற்றிச் சுற்றி அதே வாசலில் வந்து நிற்கிறோம்.

கிண்டிக்குப் பொருந்தாது

'அப்போ ரேஸ் குதிரைகளை இப்படித்தான் தயாரிக்கிறாங்களா' என்று கிண்டிப் பக்கம் ஆர்வமாகப் பார்க்காதீர்கள். தரோப்ரெட் ரேஸ் குதிரைகளுக்கு உலகம் முழுக்க ஒரே சட்டம். ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்து பிறந்திருக்க வேண்டும். சினை ஊசி, கரு மாற்றம், இக்ஸி, குளோனிங், எதில் பிறந்தாலும் வம்சாவளிப் பதிவேட்டில் இடமில்லை. பதிவில்லாவிட்டால் ரேஸ் இல்லை. சுயம்வரம் மட்டும்தான், ஏஜென்சி கல்யாணம் செல்லாது. போலோ, தாண்டும் போட்டி, நாட்டு இனங்கள், இவற்றுக்குத்தான் இந்த லேப் வித்தைகள்.

பாண்டியன் செய்த செலவு

நம் தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் ஒரு பழைய பாக்கி உண்டு. அய்யனாருக்கு ஊர் எல்லையில் மண்குதிரை வரிசையாக நிறுத்தினோம். ஆனால் உயிர்க் குதிரையை எப்போதும் வெளியிலிருந்துதான் வாங்கினோம். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் குதிரை இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகள் இறங்குவதாகவும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போவதாகவும், இங்கே பிறக்கும் குட்டிகள் தேறுவதில்லை என்றும் எழுதி வைத்தார். கஜானாவில் பெரும்பங்கு குதிரைக்கே! குதிரை வாங்கப் போன மந்திரி கோயில் கட்டி, நரி பரியான திருவிளையாடல் நம் ஊரில் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஏன் தேறவில்லை? தீவனம், நோய், மண் என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்க இன்று ஆதாரம் இருக்கிறது. டெக்சாஸில் 2009ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில், புழுக்கமான வெயில் நாட்களில் தினமும் அரைமணி நேரம் ஓடவிட்ட குதிரைகளிடமிருந்து கிடைத்த கருக்கள், சும்மா இருந்த குதிரைகளைவிடக் கிட்டத்தட்ட பாதிதான். உடம்புச் சூடு முட்டையையும் கருவையும் வாட்டுகிறது. மே மாத ஒரகடத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பனியில் தூங்கிய குட்டி

கெட்ட முட்டையைத் திருத்த முடியாது. சரி. கெடுவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டால்?

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கடிகாரம் நின்றுவிடும். மெதுவாக உறைய வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசியாகி செல்லைக் கிழிக்கும். அதனால் தண்ணீரைக் குறைத்துப் பாதுகாப்புத் திரவம் ஏற்றி, கண் மூடித் திறப்பதற்குள் கண்ணாடி போல உறைய வைக்கிறார்கள். தனி முட்டையை இப்படிக் காப்பது குதிரையில் இன்னும் சிரமம். கருவாக ஆன பிறகு காப்பது சுலபம்.

பிகானேரில் இதையும் செய்துவிட்டார்கள். மார்வாரிக் கரு ஒன்றை உறைய வைத்து, சுமார் இரண்டு மாதம் கழித்து உருக்கி வாடகைத் தாய்க்கு வைத்தார்கள். 2024 அக்டோபரில் பெண் குட்டி பிறந்தது. பெயர் ராஜ்-ஹிமானி. ஹிமம் என்றால் பனி. லடாக்கின் ஜான்ஸ்காரி இனத்திலும் அதே 2024ல் கரு மாற்றத்தில் ஒரு குட்டி வந்தது.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். நல்ல பெண் குதிரைக்கு ஆறேழு வயசில், முட்டை தரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று கரு எடுத்து வைத்துவிட்டால், அது செத்து இருபது வருஷம் கழித்தும் அதன் குட்டி பிறக்கலாம். முக்கியம் மெஷின் இல்லை, தேதி. புகழ் வரும்வரை காத்திருந்து எடுத்தால் மெஷினும் கைவிரிக்கும்.

மருமகள் மட்டுமா?

கிளம்பும்போது அத்தான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.

"மாப்ளே, பொம்பளைங்க முட்டைக் கணக்கும் இதேதான். பிறக்கும் முன்னாலேயே போட்ட ஸ்டாக். முப்பத்தஞ்சு தாண்டினா தரம் வேகமா இறங்கும். லோன் முடியட்டும், புரமோஷன் வரட்டும்னு ரெண்டு பேரும் தள்ளிப்போடறது அவங்கவங்க சௌகரியம். ஆனா கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டுத் தள்ளிப்போடுங்க."

எங்கள் பெல்ட்டில் நைட் ஷிஃப்ட், ஓவர்டைம், ஆளுக்கொரு கம்பெனியில் ஆளுக்கொரு வீக்லி ஆஃப் என்று இருக்கிற ஜோடிகள் ஏராளம். இரண்டு வருஷத்தில் விசேஷம் இல்லை என்றால் ஊரிலிருந்து போன் வரும். மாமியார் கேட்பார், அத்தை கேட்பார், பக்கத்து வீட்டு பாட்டி கேட்பார். கேள்வி எல்லாம் மருமகளுக்கு. டாக்டரிடம் போவதும் மருமகள், கோயில் சுற்றுவதும் மருமகள்.

"குதிரைப் பண்ணையில எப்படி அத்தான்?" என்று கேட்டேன்.

"சீசன் ஆரம்பிக்கும் முன்னாடி முதல் டெஸ்ட் ஆண் குதிரைக்குத்தான். எண்ணிக்கை, ஓட்டம், உருவம், எல்லாம் பார்த்து ஓகே ஆனாத்தான் பெண் குதிரைக்கிட்டயே விடுவோம். சல்லிசான டெஸ்ட், வலியும் இல்லை. அதைப் பண்ணாம பெண் குதிரையைக் குத்திக் குடைஞ்சா, பண்ணை முதலாளி என்னை வேலையை விட்டே தூக்கிடுவாரு."

இளைஞர்களே, பண்ணை முதலாளிக்கு இருக்கிற அறிவு நம் வீட்டில் இருந்தால் போதும். அடுத்த தடவை ஊரிலிருந்து போன் வந்தால், 'அவளை விடுங்கம்மா, முதல்ல நான் டெஸ்ட் பண்ணிக்கிட்டு வர்றேன்' என்று சொல்லுங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் இருபக்க சாமானையும் பார்க்காமல் ஒரு பக்கத்துக்கு மட்டும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவது எந்தக் கம்பெனியிலும் வழக்கம் இல்லை!